நீலம் பூக்காத ஊசி

போன் அடித்தது.

தரையில், கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. திரையில் 'அக்கா' என்று மின்னியது. ஸ்வர்ணலதா அதை எடுக்க நினைத்தாள்.

கை வரவில்லை.

தொட்டிலில் அழுத குழந்தையைத் தூக்கக் குனிந்தவள், அப்படியே சரிந்து விழுந்திருந்தாள். வலது கையும் வலது காலும் வேறு யாருடையதோ போல் கிடந்தன. கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். குழறலாய் ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

கதவு திறந்தது.

ஜவஹர். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றான். 'அப்பாடா' என்று அவள் கண்களை மூடித் திறந்தாள்.

அவன் குனிந்தான். ஒரு பக்கமாய்க் கோணிக்கொண்டிருந்த அவள் வாயைப் பார்த்தான். துவண்டு கிடந்த கையைத் தூக்கி, விட்டுப் பார்த்தான்.

பொத்தென்று விழுந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் பக்கவாதம் வந்தது. 'வந்த உடனே தூக்கிக்கிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே, ஏன்யா இவ்வளவு லேட்டு பண்ணினீங்க' என்று டாக்டர்கள் திட்டியதை அவன் மறக்கவில்லை.

மறக்காததால்தான் இப்போது ஜவஹர் அவசரப்படவில்லை.

போனை எடுத்தான். கட் செய்தான். சத்தத்தை அணைத்து அலமாரி மேல் வைத்தான். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். தரையில் கிடந்த மனைவியைத் தாண்டிக்கொண்டு வெளியே போனான்.

கதவு சாத்திக்கொண்டது.

ஸ்வர்ணலதாவுக்கு எல்லாம் கேட்டது. எல்லாம் புரிந்தது.

பேச்சுதான் போயிருந்தது... புத்தி போகவில்லை!

★

தி. நகரில் 'செண்பகா டைமண்ட்ஸ்' ஜவஹரின் கடை. அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்தது. ஸ்வர்ணலதா அங்கே கல் தரம் பார்க்கும் வேலைக்கு வந்தவள். லென்ஸைக் கண்ணில் பொருத்தினால் கல்லின் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். முதலாளி மகன் மயங்கினான். கல்யாணம் நடந்தது.

வளைகாப்புக்கு முந்தைய வாரம், மயிலாப்பூர் மாமி ஒருத்தி தோட்டைக் கழற்றிக் கொடுத்து, சுத்தம் செய்து தரச் சொன்னாள். அதே கடையில் வாங்கிய வைரத் தோடு. ஸ்வர்ணலதா சும்மா லென்ஸில் பார்த்தாள்; சந்தேகம் வந்து சோதனைக் கருவியிலும் வைத்துப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆய்வகத்தில் வளர்த்த கல். அப்படிச் சொல்லி விற்றால் தப்பே இல்லை. பூமியிலிருந்து எடுத்த அசல் வைரம் என்று சொல்லி விற்றிருந்தார்கள். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை.

அன்றைக்கு ஜவஹர் அவள் காலைப் பிடித்து அழுதான். வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தான். வாங்கியவர்களை நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், பிரசவம் முடிந்து நான் எழுந்து நடமாடும்வரைதான் பொறுப்பேன், அப்புறம் நானே சொல்லிவிடுவேன் என்றாள் அவள்.

பெண் குழந்தை பிறந்தது. சிசேரியன். தாய் வீட்டுக்குப் போக அம்மா இல்லை. அக்கா ஜெயஸ்ரீயின் வேளச்சேரி வீட்டில் மழைத் தண்ணீர் புகுந்து, சுவரெல்லாம் ஊறிப்போயிருந்தது. அதனால் மயிலாப்பூர் ஃப்ளாட்டிலேயே படுத்திருந்தாள்.

நேற்று மாலையிலிருந்தே அவளுக்குத் தலைவலி. தூக்கம் இல்லை, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பிரசவம் பார்த்த நர்ஸிங் ஹோமுக்குப் போன் செய்தபோது அவர்களும் அதையேதான் சொன்னார்கள். மனசு கேட்காத ஒரே ஆள் ஜெயஸ்ரீ. அதனால்தான் காலையில் முதல் வேலையாகப் போன் செய்தாள். கட் ஆனதும் ஜவஹரின் நம்பருக்கு அடித்தாள்.

"தூங்குறா மதினி. ராத்திரி பூரா புள்ள முழிச்சிருந்துச்சு. எழுப்ப வேணாம்."

அவன் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

ஜெயஸ்ரீ யோசித்தாள். குழந்தை சிணுங்கினாலே எழுந்து உட்காருகிறவள் தங்கை. இத்தனை அழுகையில் எப்படித் தூங்குவாள்?

கட்டியிருந்த புடவையோடு கிளம்பினாள். பறக்கும் ரயிலைப் பிடித்து மயிலாப்பூரில் இறங்கி, பாதி தூரம் ஓடினாள். ஹாலில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜவஹர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

அவள் போட்ட அலறலில் எதிர் ஃப்ளாட்டுக் கதவு திறந்தது.

அதைவிடப் பெரிதாக அலறினான் ஜவஹர்.

★

அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனை. நரம்பியல் டாக்டர் ஜுவேரியா ஸ்ட்ரெச்சர் கூடவே வேகமாக நடந்துகொண்டே கேட்ட முதல் கேள்வி, கடைசியாக இவரை நல்லபடியாகப் பார்த்தது எப்போது என்பதுதான்.

"நேத்து ராத்திரி படுக்கப் போறப்ப நல்லாத்தான் இருந்தா டாக்டர்" என்றான் ஜவஹர். "நான் ஹால்ல படுத்துட்டேன். காலையில அசந்து தூங்குறான்னு நெனச்சேன்."

இதுவும் அப்பாவின் ஆஸ்பத்திரி அனுபவம்தான். ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று சொன்னால் டாக்டர்கள் கையை விரித்துவிடுவார்கள்... அது அந்தக் காலம் என்பது அவனுக்குத் தெரியாது.

ஸ்வர்ணலதா இல்லை என்று சொல்ல முயன்றாள்.

"சரி" என்று வந்தது.

மறுபடி முயன்றாள்.

"சரி... சரி..."

அந்த ஒரு வார்த்தைதான் மூளையில் மிச்சம் இருந்தது. நினைத்தது ஒன்று, வாயில் வந்தது அது. இடது கையால் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் படபடவென்று அடித்தாள். ஜுவேரியா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஜவஹரைப் பார்த்தாள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாள்.

படம் வந்தது. ஜெயஸ்ரீயை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

"ரெண்டு விதமா படம் எடுப்போம்மா. ஒண்ணுல அடைப்பு வந்த கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சிடும். இன்னொண்ணுல தெரிய பல மணி நேரம் ஆகும். உங்க தங்கைக்கு முதல் படத்துல மட்டும்தான் தெரியுது. இது ராத்திரி வந்தது இல்லை. இன்னைக்குக் காலையில வந்தது."

ஜெயஸ்ரீயின் காதில் குழந்தையின் அந்த அழுகை கேட்டது.

செய்ய வேண்டியதை டாக்டர் வேகமாகச் சொன்னாள். பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் ரத்தம் சுலபமாக உறையும். அப்படி உறைந்த கட்டி ஒன்று மூளையின் இடது பக்க ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது. கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் கர்ப்பப்பையில் ஆபரேஷன் புண் இன்னும் பச்சையாக இருக்கிறது. அந்த ஊசியைப் போட்டால் அங்கே ரத்தம் கொட்டலாம். அதனால் தொடையிடுக்கு வழியாகக் கம்பி போன்ற மெல்லிய குழாயைத் தலைவரை செலுத்தி, கட்டியை அப்படியே இழுத்து எடுத்துவிட வேண்டும். இப்போதே.

ஜவஹர் வேண்டாம் என்றான். தலைக்குள் கம்பியை விடுவதா, ரிஸ்க் எடுக்க மாட்டேன், கடவுள் விட்ட வழி என்று கண்ணைத் துடைத்தான். கையெழுத்துப் போட மறுத்தான்.

"நான் அவளோட அக்கா" என்றாள் ஜெயஸ்ரீ. "பேனாவ இப்படிக் குடுங்க."

ஒரு மிளகுகூட இருக்காது. அவ்வளவு சின்னக் கட்டி. ஒரு உயிரைக் குடிக்கக் காத்திருந்த அதை வெளியே எடுத்துப்போட்டாள் ஜுவேரியா.

★

கால் அன்று சாயங்காலமே அசைந்தது. கை மெல்ல மெல்ல வந்தது. பேச்சு வரவில்லை.

வலிக்குதாம்மா என்றால் சரி. பசிக்குதா என்றால் சரி. உன் பேர் என்ன என்றாலும் சரி.

மயிலாப்பூர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அன்புக்கரசிக்கு டாக்டர் தகவல் சொன்னாள். அன்புக்கரசி வந்து ஜவஹரை விசாரித்தாள். நான் ஹாலில் இருந்தேன், உள்ளே பார்க்கவே இல்லை என்று அவன் அடித்துச் சொன்னான். பார்க்காதது தப்பாக இருக்கலாம், குற்றம் ஆகாது.

"உள்ள போய்ப் பார்த்துட்டுக் கதவ சாத்திக்கினு வந்தான்னா அதுக்கு ஒரே சாட்சி அந்தம்மாதான்" என்றாள் இன்ஸ்பெக்டர், ஜெயஸ்ரீயிடம். "அந்தம்மா பேசணுமே, இன்னா பண்றது?"

டிஸ்சார்ஜ் அன்று தங்கையை வேறு வீடு பார்த்து அழைத்துப் போகலாம் என்றுதான் ஜெயஸ்ரீ நினைத்தாள். ஸ்வர்ணலதா அவள் கையை உதறினாள். காரில் ஏறி ஜவஹர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயஸ்ரீக்குப் புரியவில்லை. தங்கையின் கண்களைப் பார்த்த பிறகு புரிந்தது. அவள் அந்த ஆளை விட்டு விலகப் போவதில்லை. அவனை முடிக்காமல் விலகப் போவதில்லை.

ஜெயஸ்ரீயும் மயிலாப்பூர் ஃப்ளாட்டுக்கே வந்து தங்கிவிட்டாள்.

ஜவஹர் அருகில் வரும்போதெல்லாம் ஸ்வர்ணலதாவின் பார்வை ஃபேனிலும் சுவரிலும் அலைந்தது. எதைச் சொன்னாலும் மலங்க மலங்க விழித்தாள். ரெண்டே நாளில் அவன் நம்பிவிட்டான். அவளை வைத்துக்கொண்டே போனில் கல் வியாபாரம் பேசினான்.

ஒன்றில் மட்டும் அவன் ரொம்ப அக்கறையாக இருந்தான். ஊசி.

இன்னொரு கட்டி வராமல் தடுக்க, ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசியை தினமும் வயிற்றில் போடச் சொல்லியிருந்தார்கள். மருந்து நிரப்பியே வரும் சின்ன ஊசி. என் பெண்டாட்டிக்கு நானே போடுகிறேன் என்று நர்ஸிடம் கற்றுக்கொண்டான். நர்ஸுகள் உருகிப்போனார்கள்.

மருத்துவமனையில் அந்த ஊசி போட்டபோது நெருப்பாய் எரிந்தது. மறுநாள் அந்த இடத்தில் காசு அளவுக்கு நீலம் பூத்தது.

ஜவஹர் போட்ட ஊசி எரியவில்லை.

ஸ்வர்ணலதா யோசித்தாள். கை பழகியதாக இருக்கும் என்று முதல் நாள் விட்டுவிட்டாள். அடுத்தடுத்த நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பார்த்தாள். மருத்துவமனையின் நீலங்கள் மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தன.

புதிதாக ஒன்றுகூட இல்லை.

அசல் எது, போலி எது என்று பார்த்தே பழகிய கண். ஒரு நொடியில் சொல்லிவிட்டது.

தண்ணீர்! மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை நிரப்பிப் போடுகிறான்.

ஒருமுறை தானாக வந்தது, இன்னொருமுறையும் தானாகவே வரட்டும் என்று காத்திருக்கிறான். விஷம் வேண்டாம். கத்தி வேண்டாம். யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளை பெற்ற உடம்பு, பாவம், ரெண்டாவது தடவை தாங்கவில்லை என்பார்கள். அவன் மாலையோடு நின்று அழுவான்.

அவளுக்குப் பயம் வரவில்லை. வந்தது வேறு.

அக்காவை உள்ளே இழுத்தாள். சொல்ல முயன்றாள். "சரி, சரி" என்றே வந்தது. ஆத்திரத்தில் கண்ணீர் வழிந்தது. கடைசியில் ஜெயஸ்ரீயின் விரலைப் பிடித்து மஞ்சள் தழும்பின் மேல் வைத்தாள். பிறகு, புதிதாக ஊசி குத்திய சின்னப் புள்ளியின் மேல் வைத்தாள். அதைச் சுற்றி வெறும் தோல்.

ஜெயஸ்ரீ குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடப் பாவி" என்றாள் மெதுவாக.

பேச்சுப் பயிற்சிக்கு என்று சொல்லி அன்றே அடையாறுக்கு அழைத்துப் போனாள். ஜுவேரியா ரத்தம் எடுத்துப் பார்த்தாள். அந்த மருந்து ரத்தத்தில் துளிகூட இல்லை. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட டாக்டர் உடனே போனை எடுத்தாள். ஸ்வர்ணலதா அவள் கையை அழுத்திப் பிடித்தாள். போன் செய்ய வேண்டாம் என்று இல்லை... இங்கே வரச் சொல்லு, வீட்டுக்கு வேண்டாம் என்று கையாலேயே காட்டினாள்.

அன்புக்கரசி ஆட்டோவில் வந்தாள். நால்வரும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். மூன்று பேர் பேசினார்கள், ஒருத்தி தலையை ஆட்டினாள். ஒரே ஒரு ஊசி என்றால் கம்பெனி தப்பு என்று சொல்லித் தப்பிவிடுவான், எல்லா ஊசியும் கையில் சிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து தினமும் அவள் பயிற்சிக்குப் போனாள். அசல் ஊசி அங்கே, டாக்டர் கையால். தண்ணீர் ஊசி வீட்டில், புருஷன் கையால். அவன் வீசிய ஒவ்வொரு ஊசியையும் ஜெயஸ்ரீ குப்பையிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தினாள்.

பயிற்சி கொடுத்த ஹம்சா மயிலாப்பூர்க்காரி. பாட்டு தெரிந்தவள். பேச்சு முடங்கியவர்களுக்கும் சில சமயம் ராகம் வரும் என்பாள். முதலில் முணுமுணுக்க வைத்தாள். அப்புறம் ராகத்தில் ஒரு சொல்லை ஏற்றினாள்.

"வார்த்தை எங்கேயும் போயிடலடீம்மா. உள்ளேதான் இருக்கு. கதவுதான் ஒட்டிண்டிருக்கு. மெதுவா தள்ளுவோம், வா."

எப்படி இருக்கிறாள் என்று ஜவஹர் போனில் கேட்கும்போதெல்லாம், முன்னேற்றம் ரொம்பக் குறைவு சார், பொறுமையா இருக்கணும் என்று ஹம்சா வருத்தமாகச் சொன்னாள்.

★

தோட்டுக்கார மாமி சும்மா இருக்கவில்லை. வேறு இடத்தில் கல்லைக் காட்டியிருந்தாள். கபாலி கோயில் மாடவீதிகளில் பேச்சு பரவியது. கடைக்கு வரும் கூட்டம் குறைந்தது.

ஜவஹர் ஒரு வழி கண்டுபிடித்தான். கடையின் புதிய மாடியைத் திறக்க விழா. மேடையில் மனைவி. வைரம் பார்க்கப் படித்தவள், பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்தவள், கைக்குழந்தைக்காரி. அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் ஊர் வாய் மூடிவிடும். அவள் வாயில் வருவதோ ஒரே ஒரு வார்த்தை. அதுவும் அவனுக்கு வேண்டிய வார்த்தை!

வீட்டில் ஒத்திகை பார்த்தான்.

"நம்ம கல்லு எல்லாம் அசல்தானே லதா?"

"சரி."

"கெட்டிக்காரி" என்று கன்னத்தைத் தட்டினான்.

விழா அன்று காலையிலும் மறக்காமல் ஊசி போட்டான்.

நாதஸ்வரம் ஓய்ந்தது. மாடி நிறையக் கூட்டம். பட்டுப்புடவைகள், ரோஸ் மில்க், போனைத் தூக்கிப் பிடித்த கைகள். ஜவஹர் மைக்கில் தழுதழுத்தான். மனைவி செத்துப் பிழைத்த கதையைச் சொன்னான். ராத்திரி பகலாகக் கண் விழித்துத் தன் கையாலேயே ஊசி போட்டதைச் சொன்னான். முன்வரிசையில் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

"கல்லைப் பத்தி என்னை நம்ப வேணாம். இவ சொல்லட்டும். லதா... நம்ம கடை வைரம் எல்லாம் அசல்தானேம்மா?"

மைக்கை அவள் வாயருகே நீட்டினான்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். வலது கையால். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். உதடுகள் ஒருமுறை சத்தமில்லாமல் அசைந்தன.

"இல்லைங்க" என்றாள்.

ஜவஹரின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டது.

"கடையில... வைரம்... போலி. வீட்டுல... எனக்குப் போடற... ஊசியும்... போலி."

எங்கேயோ ஒரு டம்ளர் விழுந்தது.

ஜவஹர் மைக்கைப் பிடுங்கினான். பாவம் மூளை பாதிச்சிருக்கு, என்ன பேசறோம்னு தெரியாமப் பேசறா என்று பதறினான். கண்ணைக் காட்டி நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொன்னான். அவர் வாசிக்கவில்லை.

வளையல் கவுன்டரில் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் நின்றிருந்த பெண்மணி, போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்கு வந்தாள். அன்புக்கரசி.

"நீ போட்ட ஊசி எல்லாம் எங்க கையில கீது. அத்தினியும் உப்புத் தண்ணின்னு லேப்ல எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப உன் கார் டிக்கிய தொறந்தா அந்த உப்புத் தண்ணி பாட்டிலும் கீது. இறங்கு சார், ஜனங்க பாக்கறாங்க இல்ல?"

ஊசி கம்பெனியின் தப்பு என்றான். நர்ஸ் தப்பு என்றான். கடைசியில் மனைவி பக்கம் திரும்பினான். கோபம் இல்லை அந்த முகத்தில், வெறும் ஆச்சரியம்தான் இருந்தது.

"உனக்கு... எல்லாம் புரிஞ்சிட்டா இருந்துச்சு?"

அவள் அக்காவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவன் படியிறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் காலையிலிருந்து அடிவயிற்றில் கனன்ற நெருப்பு குளிரும் என்று நினைத்திருந்தாள்.

குளிரவில்லை. பாதிக் கணக்குதான் தீர்ந்திருந்தது. ஊசிக்குத் தண்டனை கிடைக்கும். சாத்திய கதவுக்கு?

★

செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு வந்தபோது குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடக்க ஆரம்பித்திருந்தது.

சாட்சிக் கூண்டில் ஸ்வர்ணலதா. எதிரில் ஜவஹர். அவன் வக்கீல் வேதாந்தம் தலை நரைத்த, பேர் பெற்ற ஆசாமி. மூளை பாதித்தவரின் ஞாபகத்தை எப்படி நம்புவது என்று முதலிலேயே எழுந்தார். ஜுவேரியா படங்களைக் காட்டி விளக்கினாள். அடிபட்டது பேச்சை உண்டாக்கும் இடம் மட்டும்தான். பார்த்ததும் கேட்டதும் அப்படியே இருக்கின்றன. எப்போது வந்தது என்று கணவர் சொன்னதும் பொய் என்று அதே படம் சொல்கிறது.

நீதிபதி அம்மாள் தலையசைத்தார். ஸ்வர்ணலதா ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. சில வார்த்தைகளுக்கு ஒரு யுகம் ஆயிற்று. ஈரத் தலை என்றாள். கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார் என்றாள். என்னைத் தாண்டிக்கிட்டுப் போனார் என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. ஹம்சா சொல்லிக்கொடுத்த ராகத்தை உள்ளுக்குள் பிடித்துக்கொண்டு, மறுபடி தொடர்ந்தாள்.

ஜவஹர் தலை நிமிரவில்லை.

வேதாந்தம் ரெண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் முறை எழுந்தே விட்டார். இப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்துக்கொண்டிருந்தால் விசாரணை எப்போது முடியும், கொஞ்சம் சீக்கிரம் சொல்லச் சொல்லுங்கள் என்று நீதிபதியிடம் முறையிட்டார்.

நீதிபதி அம்மாள் அவரைக் கண்டிக்க வாயெடுத்தார். அதற்குள் ஸ்வர்ணலதா கையை உயர்த்தினாள். எதிர்க் கூண்டில் நின்றவனை நன்றாக ஒருமுறை பார்த்தாள். பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, மரியாதையாகச் சிரித்தாள்.

"எனக்கு... அவசரம் இல்லீங்க சார். இனிமே... அவருக்கும்... இருக்காது."